துளைக்கும் முன் காட்டுங்கள்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கும், பல் மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன ஆண்டு அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே ஒரு மருத்துவர் செய்த சின்னக் காரியம் ஒன்றுதான் இந்த மடலை எழுத வைத்தது.

மேல்வரிசையில் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைத்த நிரந்தரப் பல். அதைப் பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு பஞ்சு உருளையை வைத்தார். "அசையாம இரு தங்கம், காத்து மட்டும்தான் வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் இங்க வந்து பாருங்கம்மா" என்றார். நான் குனிந்து அந்தச் சின்ன வட்டக் கண்ணாடிக்குள் பார்த்தேன். பல் பளிச்சென்று, எந்தக் குறையும் இல்லாமல்தான் தெரிந்தது. காற்றுக்குழாயைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணினார். என் கண் முன்னாலேயே ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு எழுந்து வந்தது. வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுகூட இருக்காது. பஞ்சை எடுத்தார். எச்சில் ஊறியது. கோடு மறைந்துவிட்டது.

"சொத்தையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சொத்தையோட தொடக்கம். ஓட்டை விழலை. விழாம பாத்துக்கலாம்."

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. மகளுக்கு வந்துவிட்டதே என்பதற்காக மட்டும் இல்லை. என் இருபத்திரண்டாவது வயதில் யாராவது என் பல்லையும் இப்படி ஐந்து நொடி உலர்த்திப் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை அது.

எனக்கு நடந்தது வேறு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஒரு பழுப்புக் கோடு. வலி இல்லை, கூச்சம் இல்லை. வேறொரு காரணத்துக்காகப் போயிருந்தேன். பார்த்தவர் கூர்முனைக் கொக்கிக் கம்பியை எடுத்துப் பல்லின் பள்ளத்தில் அழுத்தினார், இழுத்தார். "மாட்டுது பாருங்க, சொத்தை இருக்கு" என்றார். எதையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை. மல்லாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்றைக்கே துளைத்து அடைத்தாயிற்று. ஆறேழு ஆண்டில் அடைப்பின் ஓரம் கசிந்தது. பழையதைத் தோண்டி எடுத்துப் பெரிதாக ஒன்று வைத்தார்கள். அதற்குப் பிறகு பல்லின் ஒரு மூலை உடைந்தது. ரூட் கெனால், மேலே கேப். முப்பத்தொன்பது வயதில் அந்தப் பல்லில் என்னுடையது என்று சொல்ல மிஞ்சியிருப்பது வேர் மட்டும்தான்.

அன்றைக்கு அது துளைத்தே ஆக வேண்டிய சொத்தையாக இருந்திருக்கலாம். வெறும் கறையாகவும் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. என்ன பார்த்தார், எவ்வளவு ஆழம் என்று நினைத்தார், வேறு எந்த வகையில் சோதித்தார் என்று ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை. துளைத்த பல் சாட்சி சொல்லாது. என் மனத்தாங்கல் அந்த ஒருவர்மீது இல்லை. கம்பியை மட்டும் நம்பிய அந்தப் பழக்கத்தின் மீதுதான். இந்த மடல் கேட்பதும் அதைப் பற்றித்தான்: தொடக்கச் சொத்தையைத் தேடுங்கள், நிறையத் தேடுங்கள், கண்டதை எங்களுக்குக் காட்டுங்கள், எழுதி வையுங்கள். அதற்கெல்லாம் பிறகு துளைப்பான் கைக்கு வரட்டும்.

மகளின் பல்லில் நான் கண்ட அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றி அதன்பின் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் அறிந்ததுதான் என்றாலும், என்னைப்போன்ற பெற்றோர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பல்லின் வெளி உறையான எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். பல்லின்மேல் படிந்த படலத்தில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும். நாள்தோறும் இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. போவது அதிகமாகி வருவது குறைந்தால், மேல்தோல் ஓரளவு அப்படியே இருக்க, அதன் அடியில் எனாமல் கடற்பஞ்சுபோலத் துளைத்துளையாகிறது.

அந்த நுண்துளைகளுக்குள் தண்ணீர் நிற்கும்வரை நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, தண்ணீருக்கு 1.33. இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. காற்றடித்து உலர்த்தும்போது தண்ணீர் போய், 1.00 எண் கொண்ட காற்று அங்கே நிரம்புகிறது. இடைவெளி பெருகுவதால் ஒளி சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது. உலர்த்தினால் மட்டும் தெரிவது இளம் பாதிப்பு. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் அது இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். ஐந்து நொடிக் காற்றில் கண்டறிவது மட்டும் இல்லை, ஆழத்தின் அளவும் அடங்கியிருக்கிறது. இவ்வளவு எளிய சோதனை பல நாற்காலிகளில் ஏன் நடக்காமலே போகிறது என்பதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது.

இந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பதால் என்ன லாபம் என்பவர்களுக்கு, 1966-இல் நெதர்லாந்தின் பல் ஆய்வாளர் பாக்கர் டிர்க்ஸ் வெளியிட்ட ஒரு கணக்கு போதும். எட்டு வயதுப் பிள்ளைகளின் முதல் கடைவாய்ப் பற்களில், கன்னத்துப் பக்கமாக இருந்த 72 வெண்புள்ளிகளை அவர் குறித்துவைத்துப் பின்தொடர்ந்தார். பதினைந்து வயதில் பார்த்தபோது 9 இடங்களில்தான் குழி விழுந்திருந்தது. 26 அப்படியே இருந்தன. 37 இடங்களில் புள்ளி இருந்த தடமே இல்லை. என் மகளுக்கும் அப்போது எட்டு வயது, அதே பல், அதே பக்கம். இந்த எண்களைப் படித்த இரவில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி அந்தக் கம்பிக்கு வருகிறேன்.

கூர்முனை பள்ளத்தில் மாட்டினால் சொத்தை என்பது சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி பாடமாகவே இருந்தது. கடைவாய்ப் பல்லின் பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும் இருந்தால், ஆரோக்கியமான பல்லிலும் முனை மாட்டும். அது பள்ளத்தின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர நோயைச் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை இன்னொன்று. அடியில் பஞ்சாகிப்போன இடத்தைக் காத்துக்கொண்டிருப்பது அந்த மெல்லிய மேல்தோல் ஒன்றுதான். அதன்மேல் கூர்முனையை அழுத்தினால் அது உடைந்துவிடும். அழுத்திச் சோதித்த பள்ளங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த எக்ஸ்ட்ராண்டும் அவரோடு இருந்தவர்களும் 1987-லேயே இந்தச் சேதத்தைக் காட்டிவிட்டார்கள். ஆற்றிக்கொள்ளக்கூடிய இடத்தை நாமே ஓட்டையாக்கிவிட்டு, ஓட்டை இருக்கிறது என்று அடைப்பதா? முனை உருண்டையான, அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஆய்வுக்கம்பி உங்களிடம் இருக்கிறது. படலத்தை வழித்துப் பார்க்கவும், பரப்பு சொரசொரப்பா வழவழப்பா என்று அழுத்தாமல் தடவிப் பார்க்கவும் அது போதும்.

அந்தச் சொரசொரப்பு முக்கியமான தகவல். ஈறு ஓரத்தில், படலத்துக்கு அடியில், பளபளப்பில்லாமல் சுண்ணாம்புபோல இருக்கும் புள்ளி இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. மினுமினுப்பாக, வழவழப்பாக, ஒருவேளை பழுப்பேறியும் இருப்பது நின்றுபோனது. நின்றுபோன சொத்தை ஆறிய தழும்பு. தழும்பை யாராவது கீறி வைத்தியம் பார்ப்பார்களா? பல்லில் மட்டும் பார்க்கிறார்கள். கருத்த கோட்டைக் கண்டதும் "கறுப்பா இருக்கே, எடுத்துடுங்க டாக்டர்" என்று நாங்களே கேட்பதும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது மறுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

கண்ணால் பார்த்ததை எழுதிவைக்க ஒரு பொதுமொழியும் இருக்கிறது. 2002-இல் உருவாகி 2005-இல் திருத்தப்பட்ட ஐ.சி.டி.ஏ.எஸ். முறையில் ஒவ்வொரு பரப்புக்கும் 0 முதல் 6 வரை ஒரு எண். உலர்த்தினால்தான் தெரியும் என்றால் 1. ஈரத்திலேயே தெரிந்தால் 2. எனாமல் சற்றே உடைந்திருந்தால் 3. எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கிலிருந்து நிழல் தட்டினால் 4. 5, 6 என்பவை வெளிப்படையான குழிகள். பல்லைச் சுத்தம் செய்யாமல், உலர்த்தாமல், நல்ல வெளிச்சமில்லாமல் பார்த்தால் 1-ம் 2-ம் கண்ணில் படவே படாது. அப்படிப் பார்ப்பவருக்குச் சொத்தை என்பது 3-இல்தான் தொடங்கும். அதற்குள் திரும்பிப் போகும் பாதையின் பெரும்பகுதி அடைபட்டுவிடுகிறது.

கண்ணுக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு: இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கு. அங்கே எக்ஸ்ரேதான் துணை. 1895 நவம்பரில் ரோன்ட்கன் அந்தக் கதிரைக் கண்டார். சில வாரங்களிலேயே பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் வாயையே படமெடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததாம். இன்று அரை நொடிகூடத் தேவையில்லை. சிறகுபோல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டைக் கடித்துக்கொண்டு எடுக்கும் பிட்விங் படத்தை 1925-இல் ஹோவர்ட் ரேப்பர் கொண்டுவந்தார். மேலும் கீழுமாகக் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளை அதுபோலத் தெளிவாகக் காட்டும் எளிய படம் இன்றுவரை வேறில்லை. டிஜிட்டல் முறையில் ஒரு படத்துக்கான கதிரளவு சில மைக்ரோசீவர்ட். இயற்கைக் கதிர்வீச்சிலிருந்து சராசரியாக ஒரே நாளில் நம் உடல் பெறுவதை ஒட்டிய அளவுதான். எக்ஸ்ரே என்றதும் பதறும் பெற்றோரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாது" என்ற இரண்டு சொல்லைவிட இந்த ஒப்பீடு எங்களுக்குத் தைரியம் தரும்.

ஆனால் அந்தப் படத்தின் குறையையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கனிமம் 30, 40 விழுக்காடு குறைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் நிழல் விழும். படம் சுத்தமாக இருப்பதால் பல் சுத்தம் என்று ஆகிவிடாது. மறுபக்கம், நிழல் விழுந்ததால் மேற்பரப்பில் ஓட்டை இருக்கிறது என்றும் ஆகிவிடாது. எனாமலின் வெளிப்பாதியில் நிற்கும் நிழல்களில் பெரும்பாலானவற்றுக்கு மேல்பரப்பு உடையாமலே இருக்கும். டென்டினைத் தொட்ட சிலவற்றிலும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால், இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைச் சில நாள் மாட்டி வைத்து, இடைவெளி வந்ததும் கண்ணாலேயே பார்க்கலாம். கிளிப் போடுகிறவர்களுக்குப் பற்களை விலக்க வைக்கும் அதே வளையம்தான். சில நாள் இறுக்கமாக இருக்கும்; துளைத்த பல்லோ திரும்பி வராது. இந்த வழி ஒன்று உண்டு என்பதைக்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

எல்லோருக்கும் ஒரே இடைவெளியில் படமெடுப்பதும் சரியில்லை. புதுச் சொத்தை அடிக்கடி வரும் பிள்ளைக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். பல ஆண்டுகளாகப் புதிதாக எதுவும் வராத பெரியவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். பால்பற்களின் எனாமல் ஏறக்குறைய பாதிக் கனம்தான். அங்கே சொத்தை விரைந்து ஓடும். யாருக்கு எது என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எங்களை அதிகம் குழப்புவது அவைதான். 655 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சி, கிருமிகள் விட்டுச்சென்ற போர்ஃபிரின் போன்ற பொருள்கள் திருப்பி ஒளிர்வதை 0 முதல் 99 வரை ஒரு எண்ணாகக் காட்டும் டயக்னோடென்ட் போன்றவை ஒரு வகை. நீல ஒளியில் ஆரோக்கியமான பல் பச்சையாக ஒளிர, பாதிக்கப்பட்ட இடம் இருண்டு தெரியும் முறை இன்னொன்று. எவ்வளவு இருண்டிருக்கிறது என்பதை அளந்துவைத்து, அடுத்த முறை ஒப்பிடலாம் என்பது அதன் பெரிய பலம். 780 நானோமீட்டர் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பல்லுக்குள் ஊடுருவ விட்டுப் படமெடுப்பதும் உண்டு. அதில் எனாமல் கண்ணாடிபோலத் தெளிந்து, இடுக்குச் சொத்தை கருநிழலாக விழுகிறது. எக்ஸ்ரே இல்லாமலே பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கும் அடிக்கடி சோதிக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் வரப்பிரசாதம். ஆனால் நரம்புக்கு எவ்வளவு அருகில் போயிருக்கிறது என்பதை அது சொல்லாது.

இவை எல்லாம் நல்ல கருவிகள். என் பயம் அந்த எண்ணின் மேல்தான். லேசர் கருவி கறைக்கும் ஒளிரும், காரைக்கும் ஒளிரும், பள்ளத்தில் தங்கிவிட்ட பற்பசைக்கும் ஒளிரும். "பாருங்க, மெஷினே 40 காட்டுது" என்றால் எதிர்த்துக் கேட்க எங்களுக்கு வாய் வராது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பற்பரப்புகளில் 50-இல் மட்டும் நிஜச் சொத்தை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கருவி சொத்தையில் நூற்றுக்குத் தொண்ணூறைப் பிடித்துவிடும். நல்ல பரப்பில் நூற்றுக்குப் பதினைந்தைத் தவறாகச் சொத்தை என்னும். அப்படியானால் சரியாகப் பிடிபட்டவை 45. தவறாக மாட்டிக்கொண்டவை 142. கருவி மணியடித்த நான்கு இடங்களில் மூன்று ஆரோக்கியமானவை! சொத்தை குறைவாக உள்ள வாயில் இந்த ஆபத்து இன்னும் கூடும். எக்ஸ்ரேயில் நிழலைத் தானே வட்டமிடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கும் இதே கணக்குதான். அது உங்கள் கண்ணுக்கு இரண்டாவது துணையாக இருக்கட்டும். உங்களுக்குப் பதிலாக முடிவு எடுக்க விடாதீர்கள்.

தொடக்கத்தில் கண்டுபிடித்துவிட்டால் கையில் மருந்தில்லாமல் இல்லை. 5 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ், பள்ளங்களை மூடும் சீலன்ட், இடுக்கில் உள்ள பஞ்செனாமலுக்குள் பிசினை ஊற விட்டு அடைக்கும் முறை என்று துளைக்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. வீட்டில் ஃபுளோரைடு பற்பசை, சர்க்கரை உண்ணும் தடவையைக் குறைப்பது. இதையெல்லாம் எங்களைவிட நீங்கள் அறிவீர்கள். எனக்குத் தோன்றுவது ஒன்று: வெண்புள்ளியைத் தன் கண்ணால் கண்ட பெற்றோர் இரவுத் துலக்கலைத் தவறவிட மாட்டார்கள். அந்தக் கோடு எழுந்து மறைந்ததைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு இரவுகூடத் தவறவில்லை. கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்ப உங்களுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்துக்குப் பலன் எதுவும் கணக்கில் வராது என்பதும் எனக்குப் புரிகிறது. அடைத்த பல்லுக்குக் கட்டணம் உண்டு. அடைக்காமல் காத்திருந்து, உலர்த்திப் பார்த்து, விளக்கிச் சொல்லி அனுப்பியதற்குப் பல இடங்களில் கட்டணம் இல்லை. காப்பீடுகளும் பல்லைத் தோண்டினால்தான் பணத்தை எடுக்கின்றன. உங்கள் சங்கங்கள் இதற்காகக் குரல் கொடுத்தால் நோயாளிகளாகிய நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். கண்காணிப்புக்கு நியாயமான கட்டணம் கேளுங்கள், மனமுவந்து தருவோம். உலகில் ஏறக்குறைய 200 கோடிப் பேருக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அத்தனைப் பேருக்கும் துளைத்து அடைத்துத் தீர்க்க உலகத்தில் கைகள் போதாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தேர்ச்சி பெற இத்தனை அடைப்பு முடித்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கும் இடங்களில், அடைக்காமல் ஓராண்டு காத்து, நின்றுபோனதாகக் காட்டிய சொத்தைகளுக்கும் ஒரு எண்ணிக்கை வையுங்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மாணவரின் கை தேடிப் போகும்.

எங்களுக்கு வேண்டியது அட்டையில் ஒரே ஒரு வரி. எந்தப் பல், எந்தப் பக்கம், ஈரத்தில் தெரிந்ததா உலர்த்தினால் தெரிந்ததா, சொரசொரப்பா வழவழப்பா, என்றைக்குப் பார்த்தது. முடிந்தால் ஒரு புகைப்படம். அந்த வரி இருந்தால், ஊர் மாறி வேறொரு மருத்துவரிடம் போனாலும் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புள்ளி வளர்ந்திருக்கிறதா, நின்றிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வார். ஒரே வாயைப் பார்த்து ஒருவர் நான்கு சொத்தை என்பதும், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பதும் எங்களை எவ்வளவு அலைக்கழிக்கிறது தெரியுமா? யாரை நம்புவது என்று தெரியாமல், கடைசியில் வலி வரும்வரை யாரிடமும் போகாமலே இருந்துவிடுகிறோம்.

என் மகளின் அட்டையில் அந்த வரி இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் போனபோது மருத்துவர் முதலில் அதைப் படித்தார், பிறகு பஞ்சு வைத்தார். காற்றுக்குழாயை எடுத்ததும், வாயைத் திறந்துகொண்டே மகள் விரல்விட்டு ஐந்து எண்ணினாள். கோடு இன்னும் இருந்தது, முன்பைவிடச் சற்றுக் குட்டையாக. உருண்டை முனையால் மெல்லத் தடவிப் பார்த்தவர், என்னிடம் திரும்பி, "வழவழன்னு இருக்கும்மா" என்றார். அதையும் தேதி போட்டு முதல் வரிக்குக் கீழே எழுதினார்.

இப்படிக்கு,
துளைத்த பல் ஒன்றும், துளைக்காத பல் ஒன்றும் தெரிந்த ஒரு தாய்